பாதிரியார் அடித்த பத்தி

1931 மே 9ஆம் தேதியிட்ட ‘நேச்சர்’ இதழில் ஒரு கடிதம் வந்தது. ஒரு பக்கம்கூட நிறையாது. குவாண்டம் கொள்கையின் கண்ணோட்டத்தில் உலகின் தொடக்கம் என்பது அதன் பொருள். எழுதியவர் ஜார்ஜ் லெமைத்ர, பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகப் பேராசிரியர், கத்தோலிக்கக் குரு. பெருவெடிப்பு என்று இன்றைக்குப் பள்ளிப் பாடப் புத்தகம்வரை வந்துவிட்ட கருத்து முளைவிட்டது அந்தக் கடிதத்தில்தான். கடவுளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

அச்சுக்குப் போவதற்கு முன்னால் இருந்தது. அவருடைய காகிதங்களோடு பத்திரமாக இருக்கும் தட்டச்சுப் பிரதியின் கடைசியில் ஒரு பத்தி உண்டு. கடவுளை நம்புகிறவன், அவர் தம் இயல்பிலேயே மறைந்திருப்பவர் என்றும் நம்புகிறான். இன்றைய இயற்பியல் படைப்பின் முன்னால் ஒரு திரையைத் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்து அவன் மகிழலாம் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். பிறகு அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மிச்சத்தை அனுப்பினார்.

நான் பாளையங்கோட்டைக்காரன். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற இயற்பியல் வாத்தியாருக்கு எங்கள் பக்கத்தில் ஒரு தனிக் கிராக்கி உண்டு. கோயில் கொடை, சர்ச் அசனம், மீலாது விழா எதுவானாலும் ‘அறிவியலும் ஆன்மிகமும்’ என்று நோட்டீஸில் போட்டு மைக் முன்னால் நிறுத்திவிடுவார்கள். மேடை ஏறும்போது காதில் ஒரு குரல் வரும்: “சார், பெருவெடிப்பப் பத்தி நம்ம வேதத்துல அப்பவே சொல்லியிருக்குல்லா, அத ஒரு வார்த்த சொல்லிருங்க.” வேதம் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். இந்த வழக்கம் எங்கள் ஊரில் பிறந்ததில்லை. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த மனிதர் இந்த லெமைத்ர.

வரலாற்றை நம்மவரிடமிருந்தே தொடங்கலாம். 1896இல் விவேகானந்தர் நியூயார்க்கில் இருந்தார். மின்சார மேதை நிக்கோலா டெஸ்லா அவரிடம், ஆற்றலும் பருப்பொருளும் ஒரே மூலத்துக்குள் ஒடுங்குபவை என்று கணிதத்தால் காட்டிவிடலாம் என்றார். அது நடந்தால் வேதாந்தத்தின் பிரபஞ்சக் கொள்கைக்கு உறுதியான அடித்தளம் கிடைத்துவிடும் என்று விவேகானந்தர் அந்தப் பிப்ரவரியில் ஒரு நண்பருக்கு எழுதினார். டெஸ்லாவிடமிருந்து அப்படி ஒரு நிரூபணமும் வரவில்லை. ஆகாசத்தை அன்றைய இயற்பியலின் ஈதரோடு சேர்த்துப் பேசுவது அந்தக் காலத்தில் சர்வ சாதாரணம். 1905இல் ஐன்ஸ்டைன் தமது கட்டுரையில் ஈதருக்கே வேலையில்லை என்று எழுதிவிட்டார். ஈதர் போய்விட்டது. அதற்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்த ஆகாசத்தின் நிலைமை தர்மசங்கடமானது. விவேகானந்தர் 1902இலேயே காலமாகிவிட்டதால் அந்தச் சங்கடத்தைப் பார்க்கவில்லை.

லெமைத்ர 1894இல் ஷார்லெருவாவில் பிறந்தவர். நிலக்கரியும் கண்ணாடியும் கொழித்த தொழில் நகரம். அப்பாவுக்குக் கண்ணாடித் தொழிற்சாலை இருந்தது, அது எரிந்துபோனது. பையன் லூவேனில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது 1914இல் ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் புகுந்தது. தம்பியோடு போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தார். நான்கு வருஷம் போர்முனை, பீரங்கிப் படை, வீரப் பதக்கம். திரும்பி வந்து பொறியியலை விட்டுவிட்டுக் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். கையோடு குருமடத்திலும் சேர்ந்தார். 1923இல் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தவர் கர்தினால் மெர்சியே. லூவேனில் தாமஸ் அக்வினாஸின் தத்துவத்துக்குப் புத்துயிர் கொடுத்தவர் இந்த மெர்சியேதான். அது ஏன் முக்கியம் என்பது பின்னால் வரும்.

குருமடத்தில் இருந்த 1921இல் அவரும் நம் விழாக் குழுவினர் கேட்பதையே செய்து பார்த்திருக்கிறார். கடவுளின் முதல் மூன்று சொற்களைப் பற்றி ஒரு கைப்பிரதி. தொடக்கநூலில் முதல் நாள் உண்டாகும் ஒளியை இயற்பியலின் ஒளியாகவே வைத்துக்கொண்டு விளக்கப் பார்த்தார். பிறகு அந்தப் பாதையை விட்டுவிட்டார். பத்து வருஷம் கழித்து ஒரு பத்தியை அடித்தாரே, அது ஏற்கெனவே அந்தத் தெருவில் போய்ப் பார்த்துத் திரும்பியவரின் கை.

குருப்பட்டம் வாங்கியதும் கேம்பிரிட்ஜுக்குப் போய் வானியலாளர் எடிங்டனிடம் ஒரு வருஷம், பிறகு அமெரிக்காவில் ஹார்வர்டிலும் எம்.ஐ.டி.யிலும் படிப்பு. நெபுலாக்கள் என்று அப்போது அழைக்கப்பட்ட விண்மீன் மண்டலங்களின் ஒளி சிவப்புப் பக்கம் தள்ளிப்போயிருப்பதை அளந்து வைத்திருந்தார்கள். 1927இல் லெமைத்ர அந்த அளவுகளையும் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளையும் சேர்த்து, பேரண்டமே விரிந்துகொண்டிருக்கிறது என்று பிரெஞ்சில் ஒரு கட்டுரை எழுதினார். தொலைவுக்கும் வேகத்துக்கும் உள்ள விகிதத்தையும் கணக்கிட்டார்: ஒரு மெகாபார்செக்குக்கு நொடிக்கு 600 கிலோமீட்டரை ஒட்டிய எண். வானியலாளர் ஹப்பிள் தம் எண்ணை வெளியிட்டது 1929இல், இரண்டு வருஷம் கழித்து. ஆனால் லெமைத்ரவின் கட்டுரை வந்த பிரஸ்ஸல்ஸ் அறிவியல் சங்கத்து இதழை வெளியே படித்தவர் அநேகமாக இல்லை. 1927 அக்டோபரில் சால்வே மாநாட்டுக்குப் பிரஸ்ஸல்ஸ் வந்த ஐன்ஸ்டைனை ஒரு பூங்காவில் பிடித்தார். கணக்கு சரி, இயற்பியல் சகிக்கவில்லை என்ற பாணியில் ஐன்ஸ்டைன் பதில் சொல்லிவிட்டார். ரஷ்யாவின் ஃபிரீட்மன் 1922இலேயே இப்படிக் கணக்குப் போட்டிருக்கிறார் என்ற தகவலையும் அவர்தான் கொடுத்தார்.

1931இல் எடிங்டன் முயற்சியால் அந்தக் கட்டுரை ஆங்கிலத்தில் வந்தது. வந்தபோது விகித எண்ணைக் கணக்கிட்ட பகுதி காணவில்லை. யாரோ ஹப்பிளுக்காகச் சதி செய்தார்கள் என்று வெகுநாள் சந்தேகம். 2011இல் வானியற்பியலாளர் மாரியோ லிவியோ பழைய கடிதங்களைத் தோண்டிப் பார்த்தார்: மொழிபெயர்த்ததும் லெமைத்ர, அந்தப் பகுதியை வெட்டியதும் லெமைத்ர. அதற்குள் புது அளவுகள் வந்துவிட்டன, பழசு எதற்கு என்று நினைத்திருக்கிறார். தம் எழுத்தில் கத்தரி போட இந்த மனிதருக்குக் கூச்சமே கிடையாது.

அதே 1931இல்தான் எடிங்டன், இயற்கைக்கு ஒரு தொடக்கம் என்ற எண்ணமே தமக்கு ஒவ்வவில்லை என்று ‘நேச்சரில்’ எழுதினார். எடிங்டன் குவேக்கர் சபையைச் சேர்ந்த பக்திமான் என்பதை மறக்க வேண்டாம். அவருக்கு மறுமொழியாக எழுதப்பட்டதுதான் மே மாதக் கடிதம். காலத்தில் பின்னோக்கிப் போகப் போக, பேரண்டத்தின் ஆற்றல் குறைந்த எண்ணிக்கையிலான குவாண்டங்களில் அடங்கிக்கொண்டே வருகிறது. கடைசியில் ஒன்றே ஒன்று; ஆதி அணு என்று பின்னால் பேர் பெற்றது அதுதான். அந்த நிலையில் வெளி, காலம் என்ற சொற்களுக்கு அர்த்தமில்லை. அந்த ஒன்று போதுமான அளவு உடைந்த பிறகுதான் அவற்றுக்கு அர்த்தம் வருகிறது. ஆக, உலகம் தொடங்கியது காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால்! இதில் இன்னொரு நயம் உண்டு. பின்னால் நடக்கப்போகும் கதை முழுவதும் கிராமபோன் தட்டில் பதிந்த பாட்டுப் போல அந்த முதல் குவாண்டத்தில் எழுதியிருக்க வேண்டியதில்லை என்கிறார். பொருள் முழுக்க அங்கே இருந்தது, கதை பிறகு எழுதப்பட்டது. விதிவாதத்தை இரண்டே வரியில் கழற்றிவிட்ட இடம் இது. மேடைகளில் நான் பெருவெடிப்பை விட்டுவிட்டு இதைத்தான் பேச ஆசைப்படுவேன், யாரும் விடுவதில்லை.

சரி, பத்தியை ஏன் அடித்தார்? தன்னடக்கம் என்று சிலர் சொல்வார்கள். அவர் நம்பிய இறையியலே அப்படி என்பது என் கட்சி. 13ஆம் நூற்றாண்டிலேயே அக்வினாஸ், உலகுக்குத் தொடக்கம் உண்டு என்பதைப் பகுத்தறிவால் நிரூபிக்க முடியாது என்று வாதாடியிருக்கிறார். அது விசுவாசம் சொல்வது. அவருக்குப் படைப்பு என்பது என்றோ ஒரு நாள் நடந்த சம்பவம் கிடையாது. உலகம் ஒவ்வொரு கணமும் தன் இருப்புக்குக் கடவுளைச் சார்ந்திருக்கிற உறவு. உலகம் அநாதியாகவே இருந்தாலும் அந்த உறவு அப்படியே இருக்கும். மெர்சியேயின் கையால் குருப்பட்டம் வாங்கியவருக்கு இது பால பாடம். சமன்பாட்டில் காலம் பூச்சியமாகும் புள்ளியில் கடவுளைக் கொண்டுபோய் உட்கார வைத்தால், நாளைக்கு இன்னொருவர் சமன்பாட்டைத் திருத்தும்போது அவர் எழுந்து நிற்க வேண்டிவரும். 1933இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒருவர் குடைந்தபோது, சார்புக் கொள்கையில் திரித்துவத்தைப் பற்றி ஒன்றும் இல்லையே என்று ஒரு பாதிரியார் அதை ஒதுக்குவாரா என்ற ரீதியில் திருப்பிக் கேட்டார்.

எதிர்முகாமும் இதே தவறைச் செய்தது. 1948இல் ஹாயில், பாண்டி, கோல்டு மூவரும் மாறாநிலைக் கொள்கையைக் கொண்டுவந்தார்கள். பேரண்டத்துக்குத் தொடக்கமில்லை, விரிய விரிய இடைவெளியில் புதுப் பொருள் தோன்றிக்கொண்டே இருக்கும். ஃபிரெட் ஹாயில் நாத்திகர். தொடக்கம் என்றாலே அவருக்குச் சர்ச் வாடை அடித்தது. 1949 மார்ச் 28ஆம் தேதி பி.பி.சி. வானொலியில் அவர் பேசும்போது சொன்ன ‘பெருவெடிப்பு’ என்ற பெயர்தான் இன்றுவரை லெமைத்ரவின் கொள்கைக்கு நிலைத்துவிட்டது. இத்தனைக்கும் அப்போது ஹாயில் பக்கமே நியாயம் கூடுதலாக இருந்தது. ஹப்பிளின் எண்ணை வைத்துப் பார்த்தால் பேரண்டத்தின் வயது சுமார் 200 கோடி ஆண்டு. புவியியலார் பூமிக்கே 300 கோடிக்குமேல் சொன்னார்கள். தாயைவிடப் பிள்ளை மூத்தது! ஐன்ஸ்டைன் கைவிட்ட அண்டவியல் மாறிலியை விடாமல் பிடித்துக்கொண்டு, நடுவில் விரிவு நீண்ட காலம் தயங்கி நின்றது என்று லெமைத்ர சமாளித்தார்.

இந்த நிலைமையில்தான் 1951 நவம்பர் 22ஆம் தேதி போப் பன்னிரண்டாம் பயஸ், பாப்பிறை அறிவியல் கழகத்தில் உரையாற்றினார். பயஸுக்கு வானியலில் உண்மையான ஆர்வம் உண்டு, நன்றாகப் படித்துவிட்டுத்தான் பேசினார். இன்றைய அறிவியல் கோடிக்கணக்கான ஆண்டுகள் பின்னே போய், ஒளி உண்டான அந்த ஆதிக் கணத்துக்கே சாட்சியாகிவிட்டது. ஆகவே படைப்பு நிகழ்ந்தது, ஆகவே படைத்தவர் உண்டு என்று முடித்தார். இது முற்றான நிரூபணம் ஆகாது என்று நடுவில் ஓர் எச்சரிக்கையும் வைத்திருந்தார். எச்சரிக்கையை யார் படித்தார்கள்? அணுக்கரு இயற்பியலாளர் ஜார்ஜ் காமவ், அடுத்த ஆண்டு ‘ஃபிசிக்கல் ரிவ்யூ’ கட்டுரை ஒன்றில் அந்த உரையை மேற்கோளாகவே போட்டுக் குறும்பு செய்தார்.

லெமைத்ரவுக்கு உவப்பில்லை. அவர் பாப்பிறைக் கழகத்தின் உறுப்பினர், குரு. போப்புக்கு எதிராகப் பத்திரிகையில் எழுதுகிற ஆளும் இல்லை. 1952இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போகும் வழியில் ரோமில் இறங்கி, வத்திக்கான் வானாய்வகத்தின் ஓகானல் என்ற இயேசு சபைக் குருவிடமும் வத்திக்கான் அதிகாரிகளிடமும் பேசினார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் மாநாடு ரோமிலேயே நடந்தது. வானியலாளர்களைக் காஸ்தெல் காந்தோல்ஃபோ மாளிகைக்கு வரவழைத்து போப் மறுபடி பேசினார். வானியலின் சாதனைகளைப் புகழ்ந்தார். ஆதி அணுவைக் கொண்டு படைப்பை நிரூபிக்கும் பேச்சு அதில் இல்லை.

அதே ரோம் மாநாட்டில் நடந்த இன்னொரு காரியம்தான் எனக்கு ரசமாகப் படுகிறது. வால்டர் பாடே எழுந்து, தொலைவை அளக்கப் பயன்படும் செஃபீடு விண்மீன்களில் இரண்டு வகை இருக்கிறது, அதைக் கலந்துவிட்டதால் தொலைவுகளெல்லாம் பாதியாகக் கணக்கிடப்பட்டிருக்கின்றன என்று அறிவித்தார். பேரண்டத்தின் வயது ஒரே நாளில் இரட்டிப்பானது. முந்தைய நவம்பரின் உரைக்கு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இன்றைய கணக்கு 1,380 கோடி ஆண்டு.

1958இல் சால்வே மாநாட்டில் லெமைத்ர பகிரங்கமாகவே சொன்னார்: தம் கொள்கை மெய்யியல், சமயம் சார்ந்த கேள்விகளுக்கு முற்றிலும் வெளியே நிற்கிறது; உலகாயதவாதி அதை வைத்துக்கொண்டே கடவுளை மறுக்கலாம்; விசுவாசிக்கோ அது மறைந்திருக்கும் கடவுளைப் பற்றிய ஏசாயாவின் பேச்சோடு ஒத்துப்போகும். 1931இல் அடித்த பத்தி இருபத்தேழு வருஷம் கழித்து, அறிவியல் வாதத்துக்குள் நுழையாமல், அதன் எல்லையை வரையும் குறிப்பாக வெளியே வந்தது. அந்த ஆண்டே லூவேனுக்கு பர்ரோஸ் ஈ-101 என்ற கணினியை வாங்கி வைத்து, அறுபது தாண்டிய வயதில் நிரல் எழுத உட்கார்ந்துவிட்டார். 1960இல் போப் இருபத்துமூன்றாம் அருளப்பர் அவரைப் பாப்பிறைக் கழகத்தின் தலைவராக்கினார்.

ஆதி அணு உடைந்ததன் எச்சம் காஸ்மிக் கதிர்களே என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அது தப்பு. எச்சம் வேறு உருவில் 1965இல் அமெரிக்காவின் ஹோம்டெல்லில் பென்சியாஸ், வில்சன் இருவரின் கொம்பு ஆண்டெனாவில் நுண்ணலை இரைச்சலாகக் கிடைத்தது. மருத்துவமனையில் படுத்திருந்த அவரிடம் அந்தச் செய்தியைக் கொண்டுபோனவர் அவருடைய உதவியாளராக இருந்த ஒதோன் கோதார். 1966 ஜூன் 20ஆம் தேதி லெமைத்ர காலமானார். ஹப்பிள் விதியை ஹப்பிள்–லெமைத்ர விதி என்று அழைக்கலாம் எனச் சர்வதேச வானியல் ஒன்றியம் வாக்கெடுத்து முடிவு செய்தது 2018இல்.

இனி நம் பக்கம். ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் நடராஜர் சிலை இருப்பதை அறியாத தமிழர் இல்லை. துகள் இயற்பியல் சிவதாண்டவத்தை ஒப்புக்கொண்டுவிட்டது, அதனால்தான் வைத்திருக்கிறார்கள் என்று கைப்பேசிக்குக் கைப்பேசி செய்தி போகிறது. செர்னோடு நமக்குள்ள நெடுநாள் கூட்டுறவின் அடையாளமாக இந்திய அரசு கொடுத்த பரிசு அது. 2004 ஜூன் 18ஆம் தேதி திறந்துவைத்தார்கள். பீடத்தில் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமியின் வாசகமும் இயற்பியலாளர் ஃபிரிட்ஜாஃப் காப்ராவின் வாசகமும் இருக்கின்றன. குமாரசுவாமியின் ‘சிவ நடனம்’ நூல் 1918இல் வந்தது. நியூட்ரானே கண்டுபிடிக்கப்படாத காலம். கலையையும் சித்தாந்தத்தையும் வைத்து எழுதினார், அந்த எழுத்துக்குத் துகள் இயற்பியலின் சான்றிதழ் தேவைப்படவில்லை. காப்ரா 1975இல் எழுதிய நூல் வேறு ரகம். துகள்களில் அடிப்படை, அடிப்படையல்லாதது என்ற பேதமே கிடையாது என்ற ஒரு கொள்கை அப்போது இருந்தது. கீழைத் தத்துவம் சொல்வதும் அதுதான் என்று அதன்மேல் கட்டினார். அந்த நூல் வெளிவருவதற்கு முந்தைய நவம்பரில்தான் ஜே-சை துகள் பிடிபட்டு, குவார்க்குகள் அடிப்படைத் துகள்களாக மேலே வந்துவிட்டன. ஈதருக்கு நடந்தது இரண்டாம் முறையும் நடந்தது.

பெருவெடிப்பைச் சிவன் படைப்போடு முடிச்சுப் போடுகிற சைவ நண்பர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி என்பதல்லவா சித்தாந்தத்தின் அடிக்கல்? மாயையிலிருந்து உலகம் தோன்றி, ஒடுங்கி, மறுபடி தோன்றும். 1,380 கோடி ஆண்டு என்ற ஒற்றைத் தொடக்கத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டால் மெய்கண்டாருக்கு என்ன பதில்?

சிதம்பரம் கோயில் பூமியின் காந்த நடுக்கோட்டில் இருக்கிறது என்பது இன்னொரு செய்தி. காந்த நடுக்கோடு எங்கள் திருநெல்வேலிப் பக்கமாகப் போகிறது. அதனால்தான் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது. அதே கோட்டை நம்பித்தான் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்தார்கள். அந்த இடத்தில் மகதலேனா மரியாள் தேவாலயம் இருந்தது. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா தம் மக்களின் சம்மதத்தோடு கோயிலையும் தம் வீட்டையும் விட்டுக்கொடுத்தார். முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21இல் கிளம்பியது. ராக்கெட்டைப் பற்றி விவிலியத்தில் இருக்கிறதா என்று அந்த ஆயர் யாரையும் கேட்கவில்லை. லெமைத்ரவுக்கு அடுத்தபடி என் பட்டியலில் அவருக்கும் இடம் உண்டு.

எனவே கொடைக் குழு, அசனக் குழு, மீலாதுக் குழு மூன்றுக்கும் சேர்த்து ஒரு விண்ணப்பம். என்னைக் கூப்பிடுங்கள், கட்டாயம் வருகிறேன்; கார் அனுப்ப வேண்டாம், டவுன் பஸ்ஸில் வந்துவிடுவேன். நோட்டீஸில் மட்டும் ‘அறிவியலும் ஆன்மிகமும்’ என்பதை எடுத்துவிட்டு, ‘பேரண்டத்தின் வயதை எப்படி அளந்தார்கள்?’ என்று போட்டுவிடுங்கள். சாமியைப் பற்றிப் பேச பூசாரியும் போதகரும் ஆலிமும் அங்கேயே இருக்கிறார்கள்.